பதிவேட்டை எதிர்த்த பெண்மணி: ஜோசபின் பட்லர்

1864-ஆம் ஆண்டின் கோடையில் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை ஏறக்குறைய விவாதமே இன்றி நிறைவேற்றியது. தொற்றுநோய்ச் சட்டம் என்பது அதன் பெயர். கால்நடை நோயைப் பற்றிய சட்டம் என்றெண்ணியே உறுப்பினர் சிலர் அதற்கு இசைந்தனர் என்று பின்னாளில் கூறப்பட்டது. உண்மையில் அது, படைத்தளங்களும் துறைமுகங்களும் அமைந்த ஊர்களில் விலைமகளிர் என ஐயுறப்பட்ட பெண்களைப் பிடித்து, மருத்துவரின் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்த வழிவகுத்த சட்டம். 22 ஆண்டுகள் கழித்து, 1886-இல், அதே நாடாளுமன்றம் அதனை அடியோடு நீக்கியது. அந்த நீக்கத்திற்குப் பின்னால் பல்லாயிரவர் உழைப்பு இருந்தது; அவ்வுழைப்பின் நடுவே ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் மனைவி இருந்தார். அவரே ஜோசபின் பட்லர் அம்மையார்.

கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் வாயெடுத்துச் சொல்லவும் கூசிய ஒரு பொருளை மேடையில் பேசியவர் என்றே அவரைப் பலரும் நினைவுகூர்வர். அஃது உண்மையே. எனினும் அவர் பெருமை துணிவில் மட்டும் இல்லை. ஒழுக்கக் கேடு என்று அனைவரும் ஒதுக்கிய ஒன்றினைக் கூலியின் கணக்காகவும், வேலையின் கணக்காகவும், சட்டத்தின் கணக்காகவும் பார்த்தவர் அவர். அப்பார்வை எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய வாழ்க்கையே விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்துப் பகுதியில் மில்ஃபீல்டு என்னும் ஊரில் 1828 ஏப்ரல் 13 அன்று ஜோசபின் பிறந்தார். தந்தையார் ஜான் கிரே, நிலமேலாண்மையில் பெயர் பெற்றவர். 1832-ஆம் ஆண்டின் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் கிரே பிரபுவுக்கு உறவினர். அடிமை முறையை ஒழிக்கும் இயக்கத்தில் அவர் முழு மனத்தோடு ஈடுபட்டிருந்தார். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமையைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் பிள்ளைகளின் செவியிலும் விழுந்தது. சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்று அறமாகவும் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்ற பாடத்தை ஜோசபின் தந்தையாரிடமே கற்றார்.

1852-இல் ஜார்ஜ் பட்லர் என்னும் கல்வியாளரை அவர் மணந்தார். ஆக்ஸ்போர்டில் இல்லறம் தொடங்கியது. அங்கே ஆடவர் கூடிய அறிஞர் அவைகளில் இளம் மனைவி பெரும்பாலும் வாய்மூடியே அமர்ந்திருந்தார். 1853-இல் எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘ரூத்’ என்னும் புதினம் வெளிவந்தது. ஏமாற்றப்பட்டுத் தாயான ஏழைத் தையற்பெண் ஒருத்தியின் கதை அது. அதனைப் பற்றி எழுந்த உரையாடல்களில், பெண்ணின் பிழை மன்னிக்க முடியாதது, ஆணின் பிழை பொருட்படுத்தத் தகாதது என்ற எண்ணம் கற்றறிந்தோரிடையே நிலைபெற்றிருந்ததை அவர் கண்டார். அக்காலத்திலேயே, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரால் கைவிடப்பட்டுத் தன் குழந்தையைக் கொன்ற பெண் ஒருத்தி நியூகேட் சிறையில் இருப்பதை அறிந்தார். செல்வாக்கு மிக்க அறிஞர் ஒருவரிடம் நீதி கேட்டுச் சென்றபோது, மௌனமே நல்லது என்ற அறிவுரைதான் கிடைத்தது. தண்டனைக் காலம் முடிந்ததும் பட்லர் தம்பதியர் அப்பெண்ணைத் தம் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்திக்கொண்டனர்.

துயரமும் அதன் பயனும்

1857-இல் குடும்பம் செல்ட்டன்ஹாம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நகரின் மேட்டுக்குடியினர் பலர் தென் மாநிலங்களின் பக்கம் நிற்க, பட்லர் தம்பதியர் அடிமை ஒழிப்பின் பக்கம் நின்றனர். அதன் பொருட்டு நண்பர்கள் பலரை இழந்தனர். 1864-இல் அதனினும் பெரிய இழப்பு நேர்ந்தது. வெளியூர் சென்றிருந்த பெற்றோர் வீடு திரும்பிய மாலையில், அவர்களை வரவேற்க ஓடிவந்த ஐந்து வயது மகள் ஈவா, மாடிப்படியின் கைப்பிடிச் சுவரிலிருந்து தவறி விழுந்து இறந்தாள். மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண் குழந்தை. தாயின் உடலும் உள்ளமும் ஒருசேர நலிந்தன.

1866-இல் ஜார்ஜ் பட்லர் லிவர்ப்பூல் கல்லூரியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். ஆண்கள் பணிக்குச் சென்றபின் வெறுமையான வீட்டில் இருக்க மாட்டாத ஜோசபின், தம்மினும் பெருந்துயர் உற்றவரைத் தேடிச் சென்றார். அத்தேடல் அவரை பிரௌன்லோ ஹில்லில் இருந்த ஏழையர் தொழிலகத்திற்கு அழைத்துச் சென்றது. நாட்டின் மிகப் பெரிய தொழிலகங்களுள் ஒன்று அது; ஏறத்தாழ 5000 பேர் அதில் அடைபட்டுக் கிடந்தனர். வேறு போக்கிடமற்ற வறியோர்க்கு உணவும் கூரையும் தந்து, அதற்கு ஈடாகக் கடுமையான வேலை வாங்குவது அந்நாளைய ஏழையர் சட்டத்தின் வழக்கம். அதன் நிலவறைகளில் பெண்கள் தரையில் அமர்ந்து, தார் ஏறிய பழங்கப்பற்கயிறுகளை விரலால் பிரித்து நார் எடுத்துக்கொண்டிருந்தனர். ஒரு ரொட்டித்துண்டுக்காகவும் இரவுத் தங்கலுக்காகவும் தாமாகவே வந்தோர் சிலர். காவலரால் கொண்டுவரப்பட்டோர் சிலர்.

பட்டாடை உடுத்திய சீமாட்டி அவர்களிடையே தரையில் அமர்ந்து தாமும் கயிறு பிரிக்கத் தொடங்கினார். பழக்கமில்லாத அவர் கைகளைக் கண்டு பெண்கள் சிரித்தனர். அந்தச் சிரிப்பிலேயே நட்பு பிறந்தது. அறிவுரை சொல்ல வந்தோரை அவர்கள் முன்பும் கண்டிருந்தனர்; உடன் அமர்ந்து வேலை செய்ய வந்தவரை அன்றுதான் கண்டனர்.

கூலியின் கணக்கு

அங்கிருந்து பெண்கள் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினர். காசநோய் முற்றிய இளம்பெண் ஒருத்தியை அவர் தம் இல்லத்திற்கே அழைத்து வந்தார். கணவர் வாயிலில் நின்று அப்பெண்ணுக்குக் கை கொடுத்து மாடிக்கு அழைத்துச் சென்றார். வீட்டில் இடம் போதாதபோது, சாகும் நிலையில் உள்ளோர்க்கென ஓர் இல்லமும், உடல் வலுவுள்ளோர்க்கென ஒரு தொழில் இல்லமும் தொடங்கப்பட்டன. தொழில் இல்லத்தில் உறை செய்தல் முதலிய வேலைகள் கற்றுத் தரப்பட்டன.

அப்பெண்களின் வரலாறுகளைக் கேட்கக் கேட்க, அவற்றில் ஓர் ஒற்றுமை புலப்பட்டது. ஒருத்தி வீட்டு வேலைக்காரியாக இருந்து நீக்கப்பட்டவள். எசமானி நற்சான்றுக் கடிதம் தராவிட்டால் அடுத்த வீட்டில் வேலை இல்லை. வேலை போனால் தங்குமிடமும் போயிற்று. இன்னொருத்தி தையற்காரி. பருவ காலத்தில் இரவு பகலாக வேலை. பருவம் முடிந்தால் பட்டினி. மற்றொருத்தி மணமாகாமல் தாயானவள். 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அத்தகைய குழந்தையைக் காக்கும் பொறுப்பைத் தாயின் தலையிலேயே சுமத்தியது. 1844-இல் தந்தைமீது வழக்குத் தொடரும் உரிமை தாய்க்குக் கிடைத்த போதிலும், கையில் காசில்லாத பெண் நீதிமன்றத்தில் தந்தையை மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. இவர்களுள் பலர் தெருவுக்கு வந்தது ஒரு கெட்ட வாரத்திலோ ஒரு கெட்ட மாதத்திலோதான். வேலை கிடைத்ததும் திரும்பிப் போனவர்களும் அவர்களிடையே உண்டு.

ஆகவே, கருணை இல்லங்கள் மட்டும் போதா என்ற முடிவுக்கு ஜோசபின் வந்தார். 1867-இல் ஆன் கிளஃப் முதலானோருடன் சேர்ந்து, வட இங்கிலாந்துப் பெண்களின் உயர்கல்விக்கான மன்றத்தை உருவாக்கி அதன் தலைவரானார். 1868-இல் பெண்களின் கல்வியையும் வேலைவாய்ப்பையும் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பெண்கள் அனைவரையும் கணவரோ தந்தையோ காப்பாற்றுவர் என்ற பொதுநம்பிக்கையை 1861-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கே பொய்யாக்குவதை அந்நூலில் எடுத்துக்காட்டினார். தம் உழைப்பால் தம்மைக் காத்தாக வேண்டிய பெண்கள் இலட்சக்கணக்கில் இருக்க, அவர்களுக்குத் திறந்திருந்த தொழில்களோ மிகச் சில. அந்தச் சில தொழில்களில் அனைவரும் முண்டியடிப்பதால் கூலி தாழ்கிறது. கூலி தாழ்வதால் பட்டினி. பட்டினியின் ஓரத்தில் தெரு. இந்தச் சங்கிலியை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

சட்டம் செய்த வேலை

இந்நிலையில்தான் தொற்றுநோய்ச் சட்டங்கள் வளர்ந்துவந்தன. அவற்றைக் கொண்டுவந்தோரின் கவலை பொய்யன்று. 1860-களின் தொடக்கத்தில் படையில் நோயுற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பால்வினை நோயாளர். வீரர்களில் மிகச் சிலருக்கே திருமணம் செய்ய இசைவு தரப்பட்டது. ஏனையோர் தளத்தைச் சுற்றியிருந்த சந்துகளை நாடினர். வீரர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. அது தம் மானத்தைக் குலைக்கிறது என்று அவர்கள் வெறுத்ததால் 1859-இல் கைவிடப்பட்டது. ஆண்களுக்கு மானக்கேடு எனக் கைவிடப்பட்ட அதே சோதனை ஐந்தே ஆண்டுகளில் பெண்கள்மீது சட்டமாக விழுந்தது.

1864-இல் 11 ஊர்களில் தொடங்கிய ஏற்பாடு, 1866, 1869 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் 18 மாவட்டங்களுக்கு விரிந்தது. இலண்டன் பெருநகரக் காவல்துறையினர் சீருடையின்றி அவ்வூர்களில் உலவினர். ஒரு பெண்ணை விலைமகள் என்று நம்பக் காரணம் உண்டு என அவருள் ஒருவர் நடுவர்முன் உறுதி கூறினால் போதும். விலைமகள் யார் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. தானாக இசைந்ததாகக் கூறும் தாளில் பெண் கையெழுத்திட்டால் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதோர் கீறலிட்டனர். அதன்பின் ஓராண்டு வரை, இரு வாரங்களுக்கு ஒருமுறை சோதனை. நோய் இருப்பதாகக் கண்டால் லாக் மருத்துவமனை எனப்பட்ட தனி மனையில் அடைப்பு. 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஒன்பது மாதம் வரை நீளலாம். மறுத்தால் சிறை.

இத்தனை கொடுமைக்கும் ஈடாக மருத்துவப் பயனாவது உறுதியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கொனோரியாக் கிருமி கண்டறியப்பட்டது 1879-இல். சிபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டது 1905-இல். அதற்கு முன்னர் மருத்துவர் கண்ணால் கண்டதே தீர்ப்பு. மருந்தென்று இருந்ததோ பாதரசம். சோதிக்கப்பட்ட பெண் நலமெனத் திரும்பி, சோதிக்கப்படாத ஆணிடமிருந்து மறுநாளே நோய் பெறவும் கூடும்.

பட்லர் அம்மையார் கண்ட மிகப் பெரிய கேடு இவை அனைத்தினும் வேறானது. வறுமை வரும், போகும்; பதிவேட்டில் ஏறிய பெயர் போகாது. காவலர் வாசலில் வந்து நிற்பதை அண்டையார் காண்பர். குறித்த நாளில் சோதனைக் கூடத்துக்குச் செல்வதை ஊரார் காண்பர். அதன்பின் அவளுக்குத் தையல் வேலை தருவார் யார்? வீட்டு வேலைக்கு எடுப்பார் யார்? ஒரு கெட்ட மாதத்தின் நிகழ்ச்சியாக முடிந்திருக்க வேண்டியதை அரசின் பதிவேடு வாழ்நாள் தொழிலாக ஆக்கிவிடுகிறது. வறுமை திறந்த வாயிலைப் பின்புறம் நின்று தாழிடுவது அரசே என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை.

களத்தில் இறங்குதல்

1869-இல் சட்டத்தை எதிர்க்கத் தேசியச் சங்கம் ஒன்று அமைந்தபோது, அது முதலில் பெண்களை ஏற்கவில்லை. பெண்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். ஜோசபின் அதற்குத் தலைமை ஏற்றார். ஒப்புக்கொள்வதற்கு முன் அவர் மூன்று மாத காலம் தயங்கினார். கணவரின் பதவியும் பிள்ளைகளின் எதிர்காலமும் அவர் கண்முன் நின்றன. தம் கருத்தை எழுத்தாக்கிக் கணவரிடம் தந்தபோது, அவர் தடை சொல்லவில்லை; அப்பணிக்கு இறைவனின் துணையை வேண்டி வாழ்த்தினார். 1870 தொடக்கத்தில் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் பெண்களின் எதிர்ப்பறிக்கை வெளிவந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஹாரியட் மார்ட்டினோவும் அதில் கையொப்பமிட்டோர். கற்ற பெண்கள் அனைவரும் ஒரே பக்கம் நின்றனர் என்று கொள்வதற்கில்லை. இங்கிலாந்தில் மருத்துவத் தகுதி பெற்ற முன்னோடியான எலிசபெத் காரெட், மருத்துவ நோக்கில் சட்டங்களை ஆதரித்தே எழுதினார்.

பட்லர் அம்மையார் முதலில் நாடியது சீமாட்டிகளை அன்று, தொழிலாளர்களை. குரூ நகரின் இரயில் தொழிலாளர்கள் அவர் பேச்சைக் கேட்ட முதல் கூட்டத்தினருள் அடங்குவர். அவர்களுள் சிலர் பாரிசில் வேலை பார்த்தவர்கள். அங்கே பெண்களைப் பதிவுசெய்து காவல்துறை ஆளும் முறையை நேரில் கண்டவர்கள். விளக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காவலர் கையில் சிக்கக்கூடிய பெண் தம் மகளாகவோ தங்கையாகவோதான் இருப்பாள், கனவான் வீட்டுப் பெண்ணாக இராள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1870-ஆம் ஆண்டில் மட்டும் அம்மையார் 3700 மைல் பயணம் செய்து 99 கூட்டங்களில் கலந்துகொண்டார்.

அவ்வாண்டின் நவம்பரில் கொல்செஸ்டர் இடைத்தேர்தல் வந்தது. அரசின் வேட்பாளர் சர் ஹென்றி ஸ்டோர்க்ஸ், மால்ட்டாவில் ஆளுநராக இருந்தபோது இத்தகைய கட்டுப்பாட்டை நடத்தியவர். அதனை வெளிப்படையாகப் போற்றியவர். நீக்கம் கோருவோர் போட்டி வேட்பாளரை நிறுத்தினர். விடுதி நடத்துவோரின் கூலிப்படை கூட்டங்களைக் கலைத்தது. அம்மையார் தங்கிய ஓட்டலைச் சூழ்ந்தது. அவர் பெயரை மறைத்துக்கொண்டு வேறிடம் தேட நேர்ந்தது. முடிவில் ஸ்டோர்க்ஸ் தோற்றார். ஒரு படைத்தள நகரிலேயே அரசு தோற்றது, பிரச்சினையை யாரும் புறந்தள்ள முடியாதபடி செய்தது.

1872-இல் பாண்டிஃபிராக்ட் இடைத்தேர்தல். பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் இரகசிய வாக்குமுறை முதன்முதல் கையாளப்பட்ட தேர்தல் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. பெண்களுக்குக் கூட்டம் நடத்த எவரும் இடம் தராததால் அம்மையார் ஒரு வைக்கோற்பரணில் அவர்களைக் கூட்டினார். ஏணி வழியாகவே ஏற முடிந்த இடம் அது. கீழே வைக்கோலுக்குத் தீ மூட்டி, மிளகாய்ப் பொடியும் தூவப்பட்டது. புகை மூச்சை அடைக்க, காவலர் வேடிக்கை பார்த்து நிற்க, பெண்கள் தப்பியதே பெரிதாயிற்று. அரசின் வேட்பாளர் சில்டர்ஸ் வென்றார். ஆயினும் அவருடைய வாக்கு வேறுபாடு குறைந்தது.

விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர். 1871-இல் நாட்டிங்ஹாம் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டில் ஜார்ஜ் பட்லர் இப்பொருள் பற்றிக் கட்டுரை படிக்க எழுந்தபோது, கூச்சலிட்டு அமர்த்தினர். அவருக்கு வரவேண்டிய உயர் பதவிகள் நெடுங்காலம் எட்டாமல் போயின. 1882-இல்தான் வின்செஸ்டர் பேராலயத்தில் பொறுப்பு கிடைத்தது.

ஆணைக்குழுவும் ஆல்டர்ஷாட் நிகழ்ச்சியும்

1871-இல் அரச ஆணைக்குழு முன் அம்மையார் சான்றளித்தார். நோயின் புள்ளிவிவரங்களையே கேட்க விரும்பிய உறுப்பினரிடம், சட்டத்தின் அறத்தையும் பெண்களின் கூலியையும் பற்றி அவர் பேசினார். சட்டம் நன்மையே செய்வதாக மெய்ப்பிக்கப்பட்டாலும் தாம் அதனை எதிர்ப்பதாகக் கூறினார். ஆணைக்குழுவின் அறிக்கையோ ஆணையும் பெண்ணையும் ஒப்பிடவே இயலாது என்றது. பெண் ஆதாயத்திற்காகச் செய்கிறாள். ஆண் இயற்கை உந்துதலுக்கு ஒழுங்கற்று இணங்குகிறான் என்பது அதன் விளக்கம். ஆதாயம் என்று குழுவினர் எழுதிய அதனையே அம்மையார் உணவு என்று படித்தார்.

1875-இல் ஆல்டர்ஷாட் படைத்தள நகரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. இசையரங்குகளில் பாடிப் பிழைத்துவந்த ஜேன் பெர்சி என்னும் விதவையையும் அவருடைய இளவயது மகளையும் காவலர் சோதனைக்கு அழைத்தனர். அவர் மறுத்தார். அதன்பின் அரங்குகளில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. சில காலத்தில் அவருடைய உடல் பேசிங்ஸ்டோக் கால்வாயில் கிடந்தது. பதிவேடு ஒரு பெண்ணின் பிழைப்பை எவ்வாறு பறிக்கும் என்று அம்மையார் ஆறாண்டுகளாகச் சொல்லிவந்ததை நாடு கண்ணெதிரே கண்டது. அனாதையான மகளுக்கு அவர் ஆதரவளித்தார்.

கடல் கடந்த பணி

1874-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பாரிசு சென்றார். பதிவு முறையின் தாயகம் அது. அதனை நடத்திய காவல் அதிகாரி லெகூரை நேரில் கண்டு வினவினார். எத்தனை ஆண்டுகள் பதிவு செய்தும், பதிவில் அகப்படாதோர் தொகையே பெருகிவந்தது. அடுத்த ஆண்டில் ஐரோப்பிய நாடுகளை இணைக்கும் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. 1877-இல் ஜெனீவாவில் அதன் பெரும் மாநாடு கூடியது. 1880-இல் பிரசெல்சு நகரின் உரிமம் பெற்ற விடுதிகளில் இங்கிலாந்துச் சிறுமியர் அடைபட்டிருப்பதை அம்மையார் அச்சில் வெளியிட்டார். விசாரணையின் முடிவில் விடுதியாளர் பலர் தண்டனை பெற்றனர். அந்நகரின் காவல்துறைத் தலைவரும் பதவி இழந்தார். அரசின் உரிமமும் காவலும் இருக்குமிடத்தில் கொடுமை குறையும் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

தாய்நாட்டில் முன்னாள் அமைச்சர் ஜேம்ஸ் ஸ்டான்ஸ்ஃபீல்டு 1874 முதல் இயக்கத்துக்குத் துணை நின்றார். 1870-க்கும் 1885-க்கும் இடையே நாடாளுமன்றத்திற்குச் சென்ற விண்ணப்பங்களில் சுமார் 26 இலட்சம் கையொப்பங்கள் இருந்தன. 1883 ஏப்ரல் 20 அன்று கட்டாயச் சோதனையைக் கண்டிக்கும் தீர்மானம் 182-க்கு 110 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவையை அடுத்த ஓட்டலில் பெண்கள் இறைவேண்டலில் அமர்ந்திருந்தனர். ஏழைப் பெண்களும் சீமாட்டிகளும் அங்கே கலந்திருந்தனர். 1886-இல் சட்டங்கள் முற்றிலும் நீங்கின.

வெற்றியின் நிழல்

அதற்கு முந்தைய ஆண்டில் நிகழ்ந்தது ஒன்று அம்மையாரின் உள்ளத்தை வேறு வகையில் வருத்தியது. 1885 ஜூலையில் இதழாசிரியர் ஸ்டெட், ஏழைச் சிறுமியரை விலைக்கு வாங்க இயலும் என்பதை மெய்ப்பிக்க, ஐந்து பவுனுக்கு ஒரு சிறுமியைத் தாமே வாங்கி அச்செய்தியை வெளியிட்டார். அதற்குத் துணைசெய்த ரெபேக்கா ஜாரெட், முன்னர் விடுதி நடத்தி, பின் அம்மையாரின் ஆதரவில் திருந்தி வாழ்ந்தவர். நாடு கொதித்தது. பெண்களின் இசைவு வயதை 13-இலிருந்து 16-ஆக உயர்த்திய சட்டம் உடனே வந்தது. சிறுமியைப் பெற்றோரிடமிருந்து முறைகேடாகக் கொண்டுசென்றமைக்காக ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறை. ரெபேக்காவுக்கோ ஆறு மாதம். பலரும் ரெபேக்காவைப் பழித்தபோது, அம்மையார் அவருக்காக நூலெழுதிப் பரிந்து நின்றார்.

அந்த 1885-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதிகளை மூடவும் காவலர்க்கு அதிகாரம் தந்தது. ஒழுக்கக் காவல் சங்கங்கள் பல நகரங்களில் எழுந்து விடுதிகளை மூடச் செய்தன. விடுதி என்ற பெயரில் மூடப்பட்டவை பல, ஓரிரு ஏழைப் பெண்கள் வாடகைக்கிருந்த அறைகளே. அவர்கள் தெருவில் நின்றனர். பெண்ணைக் காக்க எழுந்த கூச்சல் பெண்ணையே வேட்டையாடுவதாக மாறுவதைக் கண்ட அம்மையார், தம் பழைய தோழர் பலர் அச்சங்கங்களில் இருந்தும், அவற்றிலிருந்து விலகி நின்றார். சட்டத்தின் வலிமையால் மனிதரை நல்லவராக்க முற்படுவோரைக் குறித்து எச்சரித்தார். பதிவேடு வைத்து ஆளும் அரசும் சரி, தடியெடுத்துத் துரத்தும் அரசும் சரி, இரண்டும் ஏழைப் பெண்ணின் கூலியை ஒரு காசும் உயர்த்தவில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

இந்தியா குறித்து

இங்கிலாந்தில் சட்டம் நீங்கியபோது இந்தியாவில் அது நீடித்தது. 1868-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கும், கண்டோன்மென்ட் விதிகள் படைத்தளங்களுக்கும் பதிவையும் சோதனையையும் கொண்டுவந்திருந்தன. 1886-இல் இந்தியப் படைத்தலைமையகம் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று, படைப்பிரிவுகளுக்குப் போதிய எண்ணிக்கையில் கவர்ச்சியான பெண்கள் இருத்தல் வேண்டும் என்று கூறியது. அது வெளிப்பட்டதும் 1888-இல் நாடாளுமன்றம் கண்டித்தது. 1868-ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்பட்டது. நடைமுறை மட்டும் வேறு பெயரில் தொடர்ந்தது. அம்மையாரின் தூண்டுதலால் அமெரிக்கப் பெண்மணிகளான எலிசபெத் ஆண்ட்ரூவும் மருத்துவர் கேத்தரின் புஷ்னெலும் 1891-92-இல் கண்டோன்மென்ட்டுகளுக்கு நேரில் சென்று, அங்கிருந்த பெண்களிடமே வரலாறு கேட்டறிந்தனர். அவர்கள் 1893-இல் இலண்டனில் அளித்த சான்றினை மறுத்த படைத்தலைவர் ராபர்ட்ஸ் பிரபு, பின் தம் மறுப்புக்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1895-இல் கட்டாயச் சோதனையைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1897-இல் புதிய விதிகள் பழையதைப் பின்வாயிலால் கொண்டுவந்தன.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்நாட்டுப் பெண்களைத் தம்மால் காக்கப்பட வேண்டிய பேதைச் சகோதரிகளாகவே அவர் எழுத்துக்கள் காட்டின. பேரரசின் ஆட்சி தூய்மையாக வேண்டும் என்றாரே அன்றி, அவ்வாட்சி இருத்தல் தகுமா என்று அவர் கேட்கவில்லை. போயர் போரில் அவர் பிரித்தானியாவின் பக்கமே நின்றார். இவை அவருடைய காலத்தின் எல்லைகள். அவருடைய எல்லைகளும் ஆகும்.

இறுதி நாள்களும் நிலைத்த பயனும்

1890-இல் கணவர் மறைந்தார். அவருடைய வாழ்வையும், தம் இயக்கத்தின் வரலாற்றையும் நூல்களாக எழுதிய அம்மையார், பிற்காலத்தில் பிறந்த மண்ணுக்கே திரும்பினார். 1906 டிசம்பர் 30 அன்று நார்தம்பர்லாந்தின் வூலர் ஊரில் உயிர் நீத்தார்; அருகிலுள்ள கிர்க்நியூட்டனில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து பத்தாண்டில், 1916-இல், பிரித்தானிய அரசு பால்வினை நோய்களுக்கு ஆண் பெண் இருபாலார்க்கும் இலவசமாகவும், இரகசியமாகவும், விருப்பத்தின் பேரிலும் மருத்துவம் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கட்டாயமும் பதிவேடும் சாதிக்காததை அவ்வழி சாதிக்கும் என்ற நம்பிக்கை அரசின் கொள்கையாயிற்று. எனினும் 1918-இல், உலகப் போரின் நெருக்கடியில், படைவீரருக்கு நோய் தந்ததாகப் பெண்களை மட்டும் தண்டிக்கும் விதி மீண்டும் தலைகாட்டி, எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டிலேயே மறைந்தது. 1949-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, விலைமகளிரைத் தனியே பதிவு செய்யும் சட்டங்களை நீக்குமாறு அதில் இணைந்த நாடுகளைப் பணித்தது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அதன் தொடர்ச்சியாகவே 1956-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வந்தது.

இத்தொழிலை முற்றும் ஒழிக்க வேண்டும் என்போரும், அதில் உள்ளோர்க்குத் தொழிலாளர் உரிமை வேண்டும் என்போரும் பிற்காலத்தில் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டனர். அவர் வாழ்க்கையில் இருவர்க்கும் சான்று உண்டு. ஆனால் எந்தச் சட்டத்தையும் அவர் அளந்த அளவுகோல் ஒன்றே. பழங்கயிற்றைப் பிரித்துக்கொண்டு நிலவறையில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு அச்சட்டம் நாளை ஒரு வேலையைத் தருமா, அல்லது நேற்றிருந்த வேலையையும் பறிக்குமா என்பதே அது. லிவர்ப்பூலின் நிலவறைத் தரையில் அவர் கற்றுக்கொண்ட கேள்வி அது. இறுதிவரை அவர் அதனை விடவில்லை.